சனிக்கிழமை எழுதிய திங்கட்கிழமை

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஜெயசுந்தர் முப்பத்தொரு வருஷமாக ரைட்டர். கம்பெனியின் பன்னிரண்டு அறைகளில் அன்றன்று என்ன நடந்தது என்று பெரிய ஏட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. அறைகளில் வேலை செய்யும் நாற்பத்தாறு பேருக்கும் அவர் ரைட்டர் அண்ணாச்சி. ஐம்பத்தேழு வயதிலும் கை நடுங்காது. எழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "இந்த ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்" என்று ஒருமுறை சொன்னார். அப்படிச் சொன்ன தேதியை ஜெயசுந்தர் தன் சொந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார்: 11.2.2009, காலை 11.15.

அவர் எழுதும் விதம் இது: '7.50-க்கு அறைகள் திறக்கப்பட்டன. 8.15-க்கு மருந்து வழங்கப்பட்டது. 1.00-க்கு உணவு மணி அடிக்கப்பட்டது. 4.30-க்கு மீதி மருந்து அழிக்கப்பட்டது. 4.45-க்கு அறைகள் பூட்டப்பட்டன.' திறந்தது யார், வழங்கியது யார் என்று ஏடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஆவி வந்து வேலை செய்துவிட்டுப் போனது போல இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம், 1993-இல், 'அன்பரசன் நான்காம் அறையைப் பூட்டாமல் போனான்' என்று எழுதினார். நடந்ததைத்தான் எழுதினார். மறுநாளே முதலாளி அன்பரசனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அன்பரசன் இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நின்றான். மூன்றாம் நாள் வரவில்லை. அப்போதிருந்த போர்மேன் அவரைத் தனியாக அழைத்து, "வேலையை எழுதுலே, ஆளை எழுதாத" என்றார். அன்றிலிருந்து ஜெயசுந்தர் ஆளை எழுதியதில்லை. பெயர் போடாமல் எழுதுவது ஒரு கருணை என்று நம்பினார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. திறந்தாள் என்று எழுதுவதா, திறந்தார் என்று எழுதுவதா என்ற சிக்கல் இல்லை. திறக்கப்பட்டது என்று முடித்துவிட்டால் கதவுக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

சர்ச் கமிட்டிக் குறிப்பேடும் அவர் கையில்தான். அதிலும் எல்லாம் தீர்மானிக்கப்பட்டன, ஏற்றுக்கொள்ளப்பட்டன, நன்றி கூறப்பட்டது. பள்ளி ஆசிரியையான அவர் மனைவி ஜெமிமா இதைச் சொல்லிச் சிரிப்பாள். "நம்ம கல்யாணத்தையே டைரியில 'திருமணம் நடத்தி வைக்கப்பட்டது'ன்னுதான எழுதி வச்சிருக்கீக! நீங்க அன்னிக்கு அங்கன இருந்தீகளா, இல்லையா?"

2024 ஜூன் மாதம் வேல்விழி வந்தாள்.

இருபத்து நான்கு வயது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண். வேதியியல் படித்துவிட்டுப் பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். தீப்பெட்டி ஒட்டிய கைகளுக்குப் பிறந்த பிள்ளை என்பதால் தொழிலாளிகளிடம் கூச்சமில்லாமல் பழகினாள். ஜூலையில் ஒருநாள், காய்ச்சலில் படுத்த ஜெயசுந்தருக்குப் பதிலாக அவள் ஏட்டை எழுதினாள். மறுநாள் வந்து பக்கத்தைத் திறந்தவருக்கு மறுபடியும் காய்ச்சல் வரும்போல் இருந்தது. எழுத்து கோழி கிளறியது போல. அதில் இப்படி இருந்தது: 'கருப்பம்மாள் 7.52-க்கு ஒன்பதாம் அறையைத் திறந்தார். முத்துக்கருப்பன் 8.20-க்கு மருந்து கொடுத்தார். காவலர் செழியன் 1.03-க்கு மணி அடித்தார், மூன்று நிமிடம் தாமதம்.'

"ஏம்மா, இது ஏடா, பக்கத்து வீட்டுப் பேச்சா?" என்று கேட்டார்.

"நடந்ததுதான சார் எழுதியிருக்கேன்."

"நடந்ததை எழுதுறதுக்கும் ஒரு முறை இருக்கு. பேரைப் போட்டா நாளைக்கு அந்த ஆளு மேல பழி வரும்."

"பேரே போடலைன்னா எல்லாரு மேலயும் வருமே சார்," என்றாள் அவள், எதிர்த்துப் பேசும் தொனியில்லாமல். அதுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

மேனேஜர் பாலகுரு இருவர் எழுதிய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். ஏதோ புதுப்படம் பார்க்கிறவர் மாதிரி அவர் முகம் மலர்ந்ததை ஜெயசுந்தர் கவனித்தார். "அண்ணாச்சி, ஆகஸ்ட் மாசம் முழுக்க ரெண்டு பேரும் தனித்தனி ஏடு எழுதுங்க. முப்பத்தொண்ணாம் தேதி ரெண்டையும் வச்சுப் பார்த்து, எது நல்லதோ அதை மட்டும் வச்சுக்கிருவோம்."

எது நல்லதோ என்றால் யார் நல்லவரோ என்றுதான் ஜெயசுந்தரின் காதில் விழுந்தது. ஏடு போனால் மேசை போகும், மேசை போனால் ரைட்டர் என்ற பெயரும் போகும். அந்தப் பெயரைத் தவிர அந்த வளாகத்தில் அவருக்கு வேறெதுவும் இல்லை.

பாலகுரு இன்னொன்றும் செய்தார். காலையில் வேன்களிலிருந்து இறங்கிய ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, முந்தின நாள் ஏட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். ஒருநாள் ஜெயசுந்தர், மறுநாள் வேல்விழி. முதல் நாள் ஜெயசுந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ஐந்தாவது வரியில் இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பத்தாவது வரியில் ஒருவர் கொட்டாவி விட்டார், அது வரிசை நெடுகப் பரவியது. கடைசி வரை நின்றவர்கள் பத்தொன்பது பேர். அவர் எண்ணினார்.

மறுநாள் வேல்விழி படித்தாள். கருப்பம்மாளின் பெயர் வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஐம்பது வயதுக்காரி. ஒன்பதாம் அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பவள்.

"ஏ தாயி, அதைத் திருப்பிப் படி," என்றாள் கருப்பம்மாள்.

"கருப்பம்மாள் ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஒன்பதாம் அறையைத் திறந்தார்."

"திறந்தாராமுல்ல! கேட்டுக்கிட்டீகளா? எம் புருசன் இருபத்தெட்டு வருசமா 'ஏய்'னுதான் கூப்பிடுதாரு. ரேசன் கார்டுக்குப் பெறகு எம் பேரு காகிதத்துல ஏறுனது இப்பத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்க ஒருவரும் போகவில்லை. நாற்பத்து நாலு பேர் கடைசி வரை நின்றார்கள். அந்த எண்ணிக்கையை ஜெயசுந்தர் எங்கும் எழுதவில்லை. ஆனால் அது அவருக்குள் ஒரு முள்ளாய் உட்கார்ந்துகொண்டது. இருபத்தைந்து எதனால் கூடியது? அவளுடைய கையெழுத்தா? வெள்ளைத்தாளில் எறும்பு செத்துக் கிடப்பது போல இருக்கிறது. அனுபவமா? இரண்டு மாசம்.

செய்வினை, செயப்பாட்டுவினை என்று பள்ளியில் படித்ததை யாரோ ஒரு வேன் டிரைவர் நினைவு வைத்திருந்தான் போலும். "அந்தப் பிள்ளை செய்வினையில எழுதுதாம்லே," என்று அவன் சொல்ல, "அப்ப ரைட்டர் அண்ணாச்சிக்குத்தான் வச்சிருக்கும். ஆளு வாடிப்போய்ட்டாரு பாரு," என்று இன்னொருவன் சொன்னான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஜெயசுந்தர் காதில் அது விழுந்தது. சிரிப்பு வரவில்லை.

தினமும் மதியம் அவள் சாப்பிடப் போனதும் அவளுடைய ஏட்டை எடுத்துப் பிழை தேடினார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இரண்டு மைக்கறை. எட்டாம் தேதி ஒரு தேதியின் மேல் அடித்துத் திருத்தம். ஒன்பதாம் தேதி ஒரு வரி அவரைத் தடுத்து நிறுத்தியது: 'பின்கேட் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது.' பிடித்துவிட்டேன் என்று அவருக்கு ஒரு துள்ளல். அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

"நீயும் என் வழிக்குத்தான் வந்திருக்கே. பூட்டு உடைக்கப்பட்டிருந்ததுன்னு போட்டிருக்கியே, பேரு எங்க?"

"உடைச்சது யாருன்னு தெரியலையே சார். தெரியாதப்ப வேற எப்படி எழுத? தெரிஞ்சா பேரைப் போடுறேன், தெரியலைன்னா விட்டுர்றேன். நான் பேரு போடலைன்னா எனக்குத் தெரியலைன்னு படிக்கிறவுகளுக்குப் புரிஞ்சுரும்ல."

ஜெயசுந்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தொரு வருஷம் தான் பயன்படுத்திய கருவியை நேற்று வந்தவள் எடுத்து, அதற்கென்று இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அன்று வீட்டுக்குப் போய், ஜெமிமா காபி கொண்டுவருவதற்குள், ஒரு பழைய நோட்டில் அவளைப் போல எழுதிப் பார்த்தார். 'நான் மேசையில் அமர்ந்தேன்.' பார்க்கச் சகிக்கவில்லை. தெருவில் சட்டையில்லாமல் நிற்பது போல இருந்தது. கிழித்துப் போட்டார்.

அந்த ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை.

ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் நிற்கும் மின்சாரம் மருந்தில் பொறி தட்டாமல் இறங்க, உள்ளே நுழையும்முன் அதில் கை வைக்க வேண்டும். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். அந்தக் கம்பி சரியாக இருக்கிறதா என்று திங்கட்கிழமைதோறும் எலக்ட்ரீசியன் ஜெயபாண்டி மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போர்மேன் முத்துக்கருப்பன் அறைகளைத் திறக்கச் சொல்வார். அது கம்பெனி விதி.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்பே வேல்விழியின் நாற்காலி காலியாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு ஜெயசுந்தர் அவளுடைய ஏட்டைத் தன் பக்கம் இழுத்தார். படித்தார்.

'ஜெயபாண்டி வரவில்லை, அக்கா மகளுக்குக் காதுகுத்து. பன்னிரண்டு தகடுகளையும் யாரும் சோதிக்கவில்லை.'

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாதுகாப்பு உதவியாளர் தன் கையாலேயே, விதி மீறப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறாள்! ஆய்வுக்கு வரும் அதிகாரி இதைப் பார்த்தால் கம்பெனி கதி என்ன? இந்த ஒரு வரி போதும். முப்பத்தொன்றாம் தேதி வரை காத்திருக்கவே வேண்டியதில்லை. ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போக எழுந்தார். எழுந்தவர், அடுத்த வரிகளையும் படித்துவிடலாமே என்று நின்றார்.

'8.10-க்கு இதை முத்துக்கருப்பனிடம் சொன்னேன். அவர் ரைட்டர் ஏட்டைப் பார்த்தார். அதில் தகடுகள் சோதிக்கப்பட்டன என்று இருந்தது. ரைட்டரிடம் கேட்போம் என்றேன். கேட்க வேண்டாம், ரைட்டர் தப்பாக எழுத மாட்டார் என்று சொல்லி அறைகளைத் திறக்கச் சொன்னார். மேனேஜர் விருதுநகர் போயிருக்கிறார். அவரும் ஜெயபாண்டியும் போனை எடுக்கவில்லை. 11.30-க்குத்தான் வேன் கிடைத்தது, ஜெயபாண்டியை அழைத்துவர நான் அதில் சிவகாசி போகிறேன்.'

ரைட்டர் தப்பாக எழுத மாட்டார். அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை படித்தார். அவள் சொன்னதை நம்பவில்லை, என் ஏட்டை நம்பினார்கள். மூன்று வாரமாக உள்ளே குத்திக்கொண்டிருந்த முள் அந்த நொடியில் கழன்று விழுந்தது போல இருந்தது. சுகமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, அரை நிமிடம் இருக்கலாம்.

பிறகு தன் ஏட்டைப் பார்த்தார். '19.8.2024. 7.45-க்குப் பன்னிரண்டு அறைகளின் தகடுகளும் சோதிக்கப்பட்டன. சரியாக இருந்தன.' முத்து முத்தான எழுத்து. ஒரு மைக்கறை இல்லை.

அதை அவர் சனிக்கிழமை சாயங்காலமே எழுதிவிட்டார்.

இது புதிய வழக்கமில்லை. திங்கட்கிழமை காலை வேன்கள் வந்து இறங்கும் கூச்சலில் எழுத்து கோணிப்போகும் என்று, பல வருஷமாகவே சனிக்கிழமை அமைதியில் திங்கட்கிழமையின் முதல் வரியை எழுதி வைத்துவிடுவார். ஜெயபாண்டி பதினோரு வருஷத்தில் ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை. அதனால் எழுதிய வரி திங்கள் எட்டு மணிக்குள் உண்மையாகிவிடும். ஆள் பெயர் கேட்காத வரி. ஆள் வராமலே எழுதி முடிக்கலாம். அவளால் இப்படி முன்கூட்டி எழுதவே முடியாது. யார் வருவார் என்று தெரிந்தால்தானே அவள் பேனா நகரும்?

இப்போது பன்னிரண்டு அறைகளிலும் நாற்பத்தாறு பேர், அவருடைய வரியை நம்பிக் கை வைத்துவிட்டு, மருந்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேசாமல் இருந்துவிட முடியும். எட்டு நிமிடத்தில் மணி அடித்தால் எல்லோரும் தானாகவே வெளியே வருவார்கள். அதற்குள் அவள் ஜெயபாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தகடுகள் நன்றாகத்தான் இருக்கும், பதினோரு வருஷமாக நன்றாகத்தான் இருந்தன. ஏட்டில் இருப்பதும் பொய்யாகாது, கொஞ்சம் நேரம்தான் மாறும். அவளுடைய ஏடோ, கம்பெனிக்கு ஆபத்தான ஏடு. இவை எல்லாம் அவர் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல வரிசையில் வந்தன.

ஆனால் எட்டு நிமிடம் என்பது எவ்வளவு என்று அந்த வளாகத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நேரம் எழுதியே தேய்ந்த கை அது.

அறைகளுக்கு இடையே ஓடக்கூடாது, கத்தக்கூடாது. பதறிய கால் ஒன்று மருந்தில் இடறினால் போதும். ஒவ்வொரு அறையாக நடந்து போய்ச் சொல்லவும் நேரம் பிடிக்கும். ஜெயசுந்தர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தில் மணியாக அடிக்கும் தண்டவாளத் துண்டு தொங்கியது. கீழே செழியன் பெஞ்சில் கண்ணசந்திருந்தான். அவன் பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 12.52. அடித்தார்.

சாப்பாட்டு மணி என்றால் பதற்றமில்லை. கையில் இருப்பதை மெதுவாக வைத்துவிட்டு, எழுந்து, சேலையை உதறாமல், ஒருவர் பின் ஒருவராக வெளியே வருவார்கள். அப்படித்தான் வந்தார்கள். அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு அறை வாசலிலிருந்தும் ஆள் வர வர எண்ணினார். நாற்பத்தாறாவது ஆள் மரத்தடிக்கு வந்த பிறகுதான் கம்பியைக் கீழே வைத்தார்.

முத்துக்கருப்பன் கோபமாக வந்தார். "ஏலே செழியா, மணி ஒண்ணு ஆகலையே. யாருலே அடிச்சது?"

"நான் இல்ல போர்மேன், நான் பெஞ்சுலல்ல இருந்தேன்," என்று செழியன் விழித்தான்.

"நான் அடிச்சேன்," என்றார் ஜெயசுந்தர்.

கூட்டம் அவரைப் பார்த்தது. அதற்கு முன் அந்த வாய் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"என்ன அண்ணாச்சி, பசி தாங்கலையோ?" என்றாள் கருப்பம்மாள்.

"தகடு எதையும் இன்னிக்கு யாரும் பார்க்கலை. ஏட்டுல நான் சனிக்கிழமையே எழுதிட்டேன். ஜெயபாண்டி வந்து பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகாதீக."

கருப்பம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், காலையில் தகட்டில் வைத்த கையை. முத்துக்கருப்பன் மட்டும், "உங்களை நம்பித்தான அண்ணாச்சி திறந்தேன்," என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1.20-க்கு வேன் வந்தது. காதுகுத்து வீட்டுச் சந்தனம் நெற்றியில் காயாமல் ஜெயபாண்டி மீட்டரோடு இறங்கினான். வேல்விழி பின்னாலேயே நோட்டோடு போனாள். எட்டு அறைகள் வரை சரியாக இருந்தன. ஒன்பதில் மீட்டர் அசையவில்லை. அறையின் பின்பக்கம், ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கூலியாட்கள் வெட்டிக் குவித்த புல்லை ஒதுக்கிப் பார்த்தான். மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் கம்பி துண்டாகிக் கிடந்தது. மண்வெட்டி வெட்டு. மற்ற மூன்று அறைகளும் சரி.

சாயங்காலம் விருதுநகரிலிருந்து திரும்பிய பாலகுரு இரண்டு ஏடுகளையும் மேசையில் விரித்தார். "இந்த வரி எப்படி அண்ணாச்சி?"

"அது முன்கூட்டியே எழுதப்பட்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நான் எழுதுனேன் சார். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு. பல வருஷமா அப்படித்தான் எழுதுறேன்."

பாலகுரு அவருடைய ஏட்டை மூடி வைத்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. முப்பத்தொன்றாம் தேதி வரை காத்திருக்கவும் இல்லை. "நாளையில இருந்து அந்தப் பிள்ளை ஏடு மட்டும் போதும். நீங்க காலையில ஜெயபாண்டி கூட நின்னு தகடு ஒவ்வொண்ணையும் உங்க கண்ணால பாருங்க. அப்புறம் போர்மேன்கிட்ட சொல்லுங்க," என்றார்.

வீட்டில் ஜெமிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அன்று கேலி செய்யவில்லை. "நீங்களா மணி அடிச்சீக?" என்று மட்டும் கேட்டாள். "நான்தான்" என்றார்.

மறுநாள் காலை வேல்விழி படித்தாள். ஜெயசுந்தர் வரிசையின் கடைசியில், மற்றவர்களோடு நின்றார்.

"ஒன்பதாம் அறைத் தகட்டின் கம்பி வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவர் யார் என்று தெரியவில்லை. தகடுகளைச் சோதித்ததாக ரைட்டர் ஜெயசுந்தர் சனிக்கிழமையே எழுதி வைத்திருந்தார். அதை அவரே எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். 12.50-க்கு ஜெயசுந்தர் மணி அடித்து நாற்பத்தாறு பேரையும் வெளியே கொண்டுவந்தார்."

முப்பத்தொரு வருஷ ஏடுகளில் ஓரிடத்திலும் இல்லாத தன் பெயரை, ஒரே மூச்சில் இரண்டு வரியில் கேட்டார். அதில் ஒன்று மானத்தை வாங்கிய வரி. காது சூடேறியது. இருந்தாலும் எண்ணினார். நாற்பத்தாறு பேரும் கடைசி வரை நின்றார்கள். தன்னுடைய அவமானத்தைக் கேட்கக்கூட இந்தக் கூட்டம் அவளுக்காகத்தான் நிற்கிறது. அந்தக் கம்பியைப் பற்றிய வரியிருக்கிறதே, அது இவர் ஆயுள் முழுக்க எழுதிய வகை வாக்கியம். அதையும் இவரைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். வயிறு எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனார்.

"நேரம் தப்பு. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு."

"செழியன் அண்ணன்தான் சார் பன்னிரண்டு ஐம்பதுன்னு சொன்னாரு."

"அவன் தூங்கிக்கிட்டிருந்தான். வாட்ச்சைப் பார்த்தது நான்."

"அப்ப நீங்களே திருத்திருங்க சார். திருத்துனவர்னு உங்க பேரையும் போட்டுருங்க," என்று வேல்விழி ஏட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

ஜெயசுந்தர் ஏட்டை வாங்கித் தன் பழைய மேசையில் வைத்தார். 12.50-ன் மேல் அளவெடுத்தது போல ஒரு கோடு இழுத்து, 12.52 என்று எழுதினார். அருகே, 'நேரத்தை நான் திருத்தினேன் – ஜெயசுந்தர், 20.8.2024, காலை 7.58' என்று எழுதி மை காயும்வரை காத்திருந்தார். பிறகு பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கோழி கிளறிய அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் அச்சில் வார்த்தது போல நின்றது. ஏட்டை யார் திறந்தாலும் முதலில் கண் அங்கேதான் போகும். அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜெயபாண்டி காத்திருந்த முதல் அறையை நோக்கி நடந்தார்.